பந்தயம் கராச்சில் தொடங்குகிறது

(பூவரசங்குளத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வவுனியாவில் இருந்து பூவரசங்குளம், செட்டிகுளம் பக்கமாகப் பறயனாலங்குளம் போய்ச் சேருகிற வீதிக்கு அரசாங்கப் பதிவில் ஏ-30 என்று பெயர். 1951இல் இங்கிலாந்தின் ஒஸ்ரின் கொம்பனி கண்காட்சியில் வைத்த ஒரு சின்னக் காருக்கும் ஏ-30 என்றுதான் பெயர். வீதிக்கும் காருக்கும் உறவில்லை. எண் மட்டும் ஒத்துப்போனது. அந்தக் காரின் 803 சிசி எஞ்சின் அடுத்த ஆண்டே மொறிஸ் மைனருக்குள் ஏறியது. மொறிஸ் மைனர் கப்பலேறி இலங்கைக்கு வந்து, வடக்கின் செம்மண் ஒழுங்கைகளில் திருமண ஊர்வலத்துக்கும் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் சந்தைக்கும் ஓடியது. இப்போது அப்படியான கார்கள் சிலவற்றில் கோழி அடைகாக்கிறது. சில இன்னும் முதல் இழுவையிலேயே ஸ்ராட் ஆகின்றன.

இன்றைய பேச்சுக்குப் பொருள் இரண்டு. விருப்பத்துக்காக மட்டும் பழைய கார்களை ஓட்டுகிறவர்களின் பந்தயம் ஒன்று. காரின் அன்றாடப் பராமரிப்பு மற்றது. கேட்பதற்கு இரண்டும் வேறுவேறு கதை. கிட்டப்போய்ப் பார்த்தால் முதலாவது கதையின் முக்கால்வாசி இரண்டாவதுதான். பழைய இயந்திரத்தைக் கைவிடாமல் ஓட்டிக் காட்டும் கைப்பழக்கம் வன்னியில் ஒரு தலைமுறைக்கே உண்டு. வெளிநாட்டில் சங்கம் வைத்து வளர்க்கப்படுகிற அந்தக் கைப்பழக்கத்தை இந்த ஊர் தன் செல்வமாக எண்ண வேண்டும், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். இந்த உரையின் வேண்டுகோள் அதுதான்.

பந்தயம் என்றதும் கோடிக்கணக்கான பணமும் விளம்பரம் ஒட்டிய உடுப்பும் தொலைக்காட்சியும்தான் கண்முன் வருகின்றன. பழைய கார்ப் பந்தயத்தின் முகம் வேறு. இங்கிலாந்தில் 1934இல் விண்டேஜ் ஸ்போட்ஸ்-கார் கிளப் தொடங்கியபோது, பெரிய பணம் இல்லாதவர்களும் மோட்டார் ஓட்டத்தின் இன்பத்தை அனுபவிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1930 முடிவதற்குள் செய்யப்பட்ட கார்களைத்தான் அவர்கள் 'விண்டேஜ்' என்று கணக்கில் எடுக்கிறார்கள். 1939இல் 750 மோட்டார் கிளப் உருவானது. அதற்கு அடித்தளம் 747 சிசி எஞ்சின் கொண்ட ஒஸ்ரின் செவன் என்ற மலிவுக் கார். பழைய ஒஸ்ரின் செவனை வாங்கி, உடலைக் கழற்றி, வீட்டுக் கொட்டிலில் வைத்துத் தாங்களே பந்தயக் கார் செய்தவர்கள் அங்கே ஏராளம். கொலின் சப்மன் என்ற இளைஞர் 1948இல் அப்படித்தான் ஒரு பழைய ஒஸ்ரின் செவனில் இருந்து தன் முதல் காரைச் செய்தார். அதுதான் முதலாவது லோட்டஸ். பிற்காலத்தில் லோட்டஸ் அணி போர்மியூலா வன் தயாரிப்பாளர் பட்டத்தை 7 தடவை வென்றது.

வேகமே இல்லாத ஓட்டமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் லண்டனில் இருந்து பிரைட்டன் கடற்கரைக்கு 1905க்கு முந்திய கார்கள் மட்டும் போகின்றன. 1896 நவம்பர் 14 அன்று, மோட்டார் வண்டிகளுக்கான வேகக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதைக் கொண்டாட நடந்த ஓட்டத்தின் நினைவு அது. முதலாவது வந்தவருக்கு வெற்றிக் கிண்ணம் கிடையாது. நூறு வயது தாண்டிய கார் நின்றுபோகாமல் மாலைக்குள் கடலைப் பார்த்துவிட்டால் போதும். அந்த நாளை வெல்லுகிறவர் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரா, முந்தின இரவு விளக்கைப் பிடித்துக்கொண்டு நட்டுகளை இறுக்கியவரா என்று கேட்டால், பெரும்பாலும் இருவரும் ஒரே ஆள்தான்.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மனிதர். அவருடைய கதையை வன்னியில் சொல்லுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

அவர் பிறந்தது 1906இல், இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் ஸ்மிர்னாவில். 1922இல் அந்த நகரம் போரில் எரிந்தபோது, பதினைந்து வயதுப் பையனாகத் தாய் தகப்பனோடு பிரித்தானியக் கப்பலில் ஏறி மால்டாவுக்குப் போனார். தகப்பன் அங்கேயே இறந்துவிட்டார். தாயும் மகனும் அகதிகளாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பொறியியல் படித்து, வேலைக்குப் போய், ஓய்வு நேரத்தில் ஒஸ்ரின் செவன் ஓட்டிப் பந்தயங்களில் கலந்துகொண்டார். பிறகு ஜோர்ஜ் டவுசன் என்ற நண்பரோடு சேர்ந்து, பல ஆண்டுகளாகக் கைக்கருவிகளாலேயே ஒரு பந்தயக் காரைச் செய்து 1938இல் முடித்தார். 'லைட்வெயிட் ஸ்பெஷல்' என்பது அதன் பெயர். மெல்லிய பலகையையும் அலுமினியத் தகட்டையும் ஒட்டிய உடல். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக றப்பர். மலையேற்றப் பந்தயங்களில் அந்தக் கார் தன்னைவிடப் பெரிய கார்களோடு மோதியது.

அந்தக் கொட்டிலில் கற்ற பாடங்களோடுதான் அவர் 1948இல் மைனரைத் தந்தார். வேலை முடிகிற கட்டத்தில், கார் அகலம் போதாது என்று அவருக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நடுவால் வெட்டி, இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் கூட்டச் சொன்னார். பம்பர்கள் அதற்கு முன்பே அடிக்கப்பட்டுவிட்டன. அவற்றையும் நடுவால் வெட்டி இடையில் ஒரு துண்டு சேர்த்தார்கள். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த 4 அங்குலத்தின் அடையாளம். ஊரில் பழைய மைனர் நின்றால் கையால் தடவிப் பார்க்கலாம். பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான். இசிகோனிஸ் 1959இல் மினியைக் கொண்டுவந்தார். மைனரின் எஞ்சின் குடும்பத்தையே நெஞ்சில் வைத்துக்கொண்டு மினி கூப்பர் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டி கார்லோ ராலியை வென்றது. இந்த வீதியில் அரிசி மூட்டை சுமந்த எஞ்சினுக்கும் ஐரோப்பாவின் பனிமலையில் பரிசு பெற்ற எஞ்சினுக்கும் வேர் ஒன்று.

இலங்கையின் பந்தய வரலாறும் இளையதன்று. நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றம் 1934இல் தொடங்கியது. களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்தவில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை அமைத்த விமான ஓடுபாதையில் பின்பு கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சென்னைக்கு வெளியே சோழவரமும் அப்படித்தான். போர்க்கால ஓடுபாதை பந்தயத் தடமானது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் மக்கள் வந்தார்கள். ஓடியவை தெருவில் பார்க்கிற பியற், ஹெரால்ட், அம்பாசடர் கார்கள். கராச்சில் பிரித்துச் செதுக்கி வேகம் கூட்டப்பட்டவை. கோயம்புத்தூரின் கரிவரதன் தன் பட்டறையில் பந்தயக் கார்களைச் செய்து, மாருதி 800 எஞ்சினை வைத்துப் 'போர்மியூலா மாருதி' வகையை உருவாக்கி, வசதி குறைந்த இளைஞருக்கும் பந்தயக் கதவைத் திறந்துவிட்டார். 1995இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வன்னிக்கு ஓடுபாதைப் பந்தயம் வாய்க்கவில்லை. வாய்த்தது வேறொரு சோதனை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வருவது நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. சிறு போத்தலில் பொன்போலக் காத்து வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். நிறுத்தினால் திரும்ப எழுப்பப் பெற்றோல் வேண்டும் என்பதால், போன இடத்திலும் எஞ்சினை அணைக்க மனம் வராது. நீலப் புகையும் அந்த மணமும் தொண்ணூறுகளில் வளர்ந்த எவருக்கும் மறக்காது.

இதை ஏழைகளின் ஒப்பேற்றல் என்று தள்ளிவிடக் கூடாது. இதன் பின்னால் சரியான பொறியியல் இருக்கிறது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது; சூடான எஞ்சினுக்குள்தான் ஒழுங்காகப் பற்றும். அமுக்க விகிதம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முன் வெடித்து 'டக் டக்' என்று அடிக்கும். பழைய ஒஸ்ரின் ஏ-40, மைனர் எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 தான். அதனால் அவை தாங்கின. இன்றைய கார்களில் அது பத்துக்கு மேல், அவை தாங்கா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் செய்யப்பட்ட பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, தொழிற்சாலையிலேயே இந்த முறையில் செய்யப்பட்டது. எழுப்புவதற்குச் சிறிய பெற்றோல் தாங்கி, உழுவதற்கு மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளுக்குப் பெரிய தாங்கி. கொவென்றியின் பொறியியலாளர் வரைபடத்தில் கண்டதை வன்னியின் மெக்கானிக் மரத்தடியில் கண்டார்.

அதற்கு விலையும் கொடுக்கவேண்டி இருந்தது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி ஏறும். ஆகவே ஒயில் குச்சியை இழுத்து, விரலில் தேய்த்து, மணந்து பார்க்கும் பழக்கம் வந்தது. பிளக்கைக் கழற்றித் துடைப்பது முகம் கழுவுவதுபோல அன்றாட வேலையானது. பந்தயக்காரர் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் செய்கிற வேலையும் இதுவேதான்.

அதே தொண்ணூறுகளில் இந்தத் தீவிலேயே இன்னொரு காட்சியும் இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், இலங்கைத் தொழில் முனைவர் ஒருவரோடு சேர்ந்து மைனர் உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்தார். இங்கே அடித்த தகடுகள் இங்கிலாந்துக் கார்களில் பொருந்தின. ஒரு தீவின் ஒரு பகுதி மைனர் பாகங்களை ஏற்றுமதி செய்தது. மறு பகுதியில் ஒரு பாகமும் வாங்கக் கிடைக்காமல் மைனர்கள் ஓடின. இரண்டுமே கைத்திறனின் கதைகள். ஒன்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் மக்கள் விட்டுவந்த வாகனங்கள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததைப் பலர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். எஞ்சிய பழைய கார்கள் பலவற்றை இரும்புக்கடை தின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு முழுவதும், இருக்கிற காரைப் பேணிக்கொள்ளும் அறிவின் பெறுமதியை உணர்ந்தது. வன்னி அதைப் பழைய பாடமாகவே வைத்திருந்தது.

இனிப் பராமரிப்பு. மைனரை எடுத்துக்காட்டாகக் கொண்டு சொன்னாலும் பெரும்பகுதி எந்தக் காருக்கும் பொருந்தும்.

முதலில் ஒயில். சமதரையில் கார் நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் ஆகவேண்டும். குச்சியைத் துடைத்து, மறுபடி இட்டு, எடுத்துப் பார்க்க வேண்டும். அளவோடு நிறமும் முக்கியம். கறுப்பு இயல்பு. பால்விட்ட தேநீர் நிறத்தில் குழம்பாக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அந்தக் காரை ஓட்டக் கூடாது.

அடுத்தது பிளக். அதன் முனை எஞ்சினின் நாக்கு. வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். பிஸ்கற் நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூடிவிட்டது. வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் போதவில்லை, சூடு மிஞ்சுகிறது. ஈரமாகக் கறுத்திருந்தால் ஒயில் ஏறுகிறது. மைனரில் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் தகடு பொயின்றுக்குள் இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. வெண்ணெய்க்குள் கத்தி போவதுபோல ஒரு மெல்லிய பிடிப்போடு வரவேண்டும். இந்தப் பிடிப்பை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. கைபிடித்துத்தான் காட்டவேண்டும்.

றேடியேற்றருக்கு வன்னியில் தனிக் கவனம் தேவை. இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினத்தன்மை உடையது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வடித்து ஊற்றுவது நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

பற்றரி இணைக்கும்போது ஒரு எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவற்றில் உடலோடு சேர்வது நேர்முனை. இன்றைய கார்களில் எதிர்முனை. பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டினால் சேதம் வரும்.

பிறேக்கில் சிக்கனம் வேண்டாம். பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் கொதித்து, பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குறைந்துவிட்டது என்று எஞ்சின் ஒயிலை விட்டால் உள்ளே இருக்கும் றப்பர் ஊதிப் பிறேக்கே இறந்துவிடும். மைனரில் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டின் கீழே இருப்பதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பழைய பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும்; அந்தத் தூசை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ரயரைப் பார்க்கும்போது பள்ளத்தோடு வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

இவை எல்லாவற்றிலும் மைனருக்கு உயிர்நாடியான இடம் ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் கிங் பின்னின் அடியில் 'ட்ரனியன்' என்ற ஒரு சிறு பாகம். கிங் பின்னின் புரி அதற்குள் திருகப்பட்டிருக்கிறது. ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது அந்தப் புரிதான் சுழல்கிறது. கிறீஸ் போகாவிட்டால் செம்மண் தூசு உள்ளே போய் அரத்தைப்போல அராவும். ஒருநாள் வளைவில் திரும்பும்போது புரி கழன்று, சக்கரம் வெளிப்பக்கம் மடிந்து, கார் முழந்தாளில் விழும். இதைத் தடுக்க வேண்டியது 1,000 மைலுக்கு, அதாவது 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை நான்கைந்து இழுவை கிறீஸ் மட்டுமே. ஜக்கால் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, நிப்பிளைத் துணியால் துடைத்து, கிறீஸ் கன்னைப் பொருத்தி அமுக்கினால், முதலில் கறுத்த பழைய கிறீஸ் பிதுங்கி வரும். புதிய நிறம் வெளியே தெரியும்வரை அமுக்க வேண்டும். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 'டொக்' என்று கேட்டால் புரி தேய்ந்துவிட்டது.

பந்தயத்துக்கு முன் நடக்கும் தொழில்நுட்பப் பரிசோதனை இதையே சட்டமாக்கி வைத்திருக்கிறது. ஸ்ரியறிங்கில் ஆட்டம், சக்கரத்தில் ஆட்டம், பெற்றோல் கசிவு, அக்சிலேற்றர் ஸ்பிரிங், பற்றரிக் கட்டு, தீயணைப்பான். ஒன்று தவறினாலும் கார் தடத்தில் இறங்க முடியாது. அந்தக் கண்டிப்பு காருக்கு உள்ளே இருப்பவருக்காக மட்டும் இல்லை. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் மக்கள் ஆசையோடு கூடிய நாள் அது. மூடிய தடத்திலேயே இது நடக்குமானால், பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் இந்த ஏ-30 வீதியில் இரவில் மோட்டார் சைக்கிளை முறுக்கிப் போட்டி போடுவதை எந்தப் பெயராலும் விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது.

வேகம் தேவைப்படாத போட்டி ஒன்று உலகமெங்கும் பழைய கார்க்காரரிடம் இருக்கிறது: நேரக்கணக்கு ஓட்டம். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். 15 கிலோமீற்றரை மணிக்கு 30 கிலோமீற்றர் சராசரியில் ஓட வேண்டுமானால் சரியாக 30 நிமிடம். ஒரு செக்கன் முந்தினாலும் ஒரு புள்ளி போகும், பிந்தினாலும் போகும். சட்டத்துக்கு உட்பட்ட வேகம், பொலிஸ் அனுமதி, பகல் வெளிச்சம். அறுபது வயது மைனரும் எழுபது வயது ஏ-40உம் புதிய கார்களுக்குச் சமமாக நிற்கக்கூடிய போட்டி அது. பக்கத்தில் இருந்து கடிகாரம் பார்க்கும் வேலையைப் பேரப்பிள்ளை செய்யலாம்.

வவுனியா, செட்டிகுளம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய கார்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கூட்டலாம். ஓட்டத்துக்கு முன் பரிசோதனை நடக்கட்டும். அதைச் செய்ய மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்குகளை அழைக்கலாம். ஒவ்வொருவரிடமும் இரண்டு இளைஞரை விட்டால், ஒயிலை மணந்து பார்ப்பதும் பொயின்றின் பிடிப்பை உணர்வதும் ஒரே காலைப்பொழுதில் அடுத்த கைக்குப் போகும். அவர்கள் சொல்லும் கதைகளை ஒருவர் எழுதிவைக்க வேண்டும். அந்தத் தலைமுறைக்கு வயதாகிறது. இந்த வேலையை இனியும் தள்ளிப்போட முடியாது.

வெளியே மரநிழலில் ஒரு மைனரின் முன்சக்கரம் ஜக்கில் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் கிறீஸ் கன்னும் பழைய துணியும் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் விரும்புகிறவர்கள் வந்து சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். சிறுவர்கள் முதலில் வரட்டும்.